முந்தினால் இரட்டைத் தண்டனை

ராலியில் முதன்முறையாக ஓட்டப்போகிறவர்களுக்கு நாலு வரி எழுதித் தரும்படி எங்கள் ஊர் மோட்டார் மன்றத்தின் புதிய செயலாளர் போன மாதம் கேட்டார். நானும் நாலு வரிதான் எழுதிக் கொடுத்தேன். "வண்டியில் ஏறும் முன் ஒன்றுக்குப் போய்விட்டு வரவும். வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். பக்கத்தில் வழி சொல்பவர் சொல்வதைக் கேட்கவும். வழி சொல்பவரும் தப்பாகச் சொல்லக்கூடும்."

அவர் இரண்டு தடவை படித்தார். "டீச்சர், கடைசி ரெண்டு வரியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதே?" என்றார்.

"இடிக்கத்தான் செய்யும். ராலியே அந்த ரெண்டு வரிக்கு நடுவுலதான் ஓடுது" என்றேன்.

"அப்ப அதை விளக்கி எழுதுங்க. இப்ப எல்லார் போன்லயும் ஆப் இருக்கு. எத்தனை செகண்டு முந்தியிருக்கோம், பிந்தியிருக்கோம்னு அதுவே சொல்லுது. அப்பவும் புதுசா வர்றவங்க கோட்டை விடுறாங்க."

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.

நான் திண்டுக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துப் போன வருடம் ஓய்வு பெற்றவள். பெயர் ஆரோக்கியமேரி. விண்ணப்பப் படிவம் நிரப்பும் கிளார்க்காகத்தான் சேர்ந்தேன். பெண்கள் சிலர் வந்து, "சொல்லிக்குடுக்க லேடீஸ் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்த முதலாளி காதர் பாய், ஒரு நாள் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு கார் சாவியைக் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஓட்டக் கற்றேன். மூன்று வருடத்தில் அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கக் கற்றேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

காதர் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகக் கற்பவர் முதன்முறை பெரிய ரோட்டில் ஓட்டும்போது பாய் பின்சீட்டில் ஏறிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். சின்னத் தப்பு என்றால் ஒரு கண் திறக்கும். பெரிய தப்பு என்றால் இரண்டும் திறக்கும். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு வங்கி மேனேஜர் ஓட்டிய நாற்பது நிமிடத்தில் பாய் கண்ணை மூடவே இல்லை. கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார், மரியாதையைக் கூட்டுவார். சாதாரணமாக என்னை "மேரி, வாம்மா" என்பவர், தப்பு செய்துவிட்டால் "வாங்க" என்பார். "தாங்கள்" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்காது.

இந்தக் காதர் பாய்தான் மோட்டார் மன்றம் நடத்தும் ராலிக்கு வருடா வருடம் பாதை போட்டுக் கொடுப்பார். ராலி என்றதும் புழுதி பறக்கச் சீறிக்கொண்டு போவது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ராலி வேகத்துக்கானது இல்லை, நேரத்துக்கானது. புறப்படும்போது ஒரு பாதைக் குறிப்பேடு கொடுப்பார்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தத் துண்டில் என்ன சராசரி வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இருக்கும். வழியில் மரத்தடியிலும் மதகுக்குப் பின்னாலும் ஆட்கள் கடிகாரத்தோடு ஒளிந்திருப்பார்கள். நீங்கள் அவர்களைக் கடக்க வேண்டிய நேரம் அவர்களுக்குத் தெரியும். பிந்தினால் வினாடிக்கு ஒரு புள்ளி தண்டனை. முந்தினால் வினாடிக்கு இரண்டு. அவர்கள் கண்ணில் படும்படி வண்டியைச் சும்மா நிறுத்தி நேரம் கடத்தினால் அதற்குத் தனித் தண்டனை. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேடு பார்த்து வழி சொல்ல வேண்டும். நான் எப்போதும் அந்த இன்னொருவர்.

என் முதல் ராலியை மறைக்கப்போவதில்லை. எங்கள் ஸ்கூலின் இன்னொரு டீச்சர் ஓட்ட, நான் குறிப்பேட்டில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் போய் நின்றோம். எதிர்கொண்டவர்கள் நாங்கள் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார்கள். பாயசம் வரைக்கும் சாப்பிட்டோம். திரும்பி வந்து, வண்டி சூடாகிவிட்டது என்று பாயிடம் சொன்னேன். பாய் என் புடவையில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். "வண்டிக்குச் சந்தனம் பூசி ஆத்துனீங்களோ? தாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு வெற்றிலை கேட்டிருப்பேன்" என்றார். மூன்று நாளைக்கு நான் "தாங்கள்" ஆகவே இருந்தேன்.

அதற்கப்புறம் பல ராலிகளில் உட்கார்ந்தேன். இரண்டு கோப்பைகூட வீட்டில் இருக்கின்றன. ஆனால் புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஏதாவது சொல்வதென்றால் எனக்கு நினைவுக்கு வருவது, கோப்பை கிடைக்காத ஒரு ராலியும் பாண்டியம்மாளும்தான்.

பாண்டியம்மாள் எரியோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பூ விவசாயம் செய்பவர். புருஷனுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுத்த பிறகு, வீட்டிலிருந்த பிக்கப் வண்டியை அவரே எடுத்தார். நாலைந்து ஊர்ப் பூவை விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வருவார். பூவை இறக்கிவிட்டால் வண்டி பகல் முழுக்கச் சும்மா நிற்கும். மார்க்கெட் பக்கத்து வண்டி ஸ்டாண்டில் இடம் கிடைத்தால் பகலிலும் லோடு ஓட்டலாம், வைத்தியத்துக்கும் வீட்டுக்கும் ஆகும் என்று ஸ்டாண்டு செயலாளர் தவசியிடம் கேட்டிருக்கிறார். ரோட்டில் முன்னால் எந்த வண்டி போனாலும் முந்தாமல் விடாத ஆள் தவசி. சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டியிருக்கிறார். பெண்களுக்கான ராலி என்று மோட்டார் மன்றத்தின் போஸ்டர் அதில் ஒட்டியிருந்தது. "அதுல முழுசா ஓட்டி ஒரு சர்ட்டிபிகேட் கொண்டா தாயி. அப்பறம் ஸ்டாண்டுல எடம் பாப்போம்."

கிண்டலாகச் சொன்னதை அவர் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டு நேரே எங்கள் ஸ்கூலுக்கு வந்துவிட்டார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கையில் பூக்கட்டும் நார்.

"ராலி ஓட்டணும். எம்புட்டு நாளு படிக்கணும்?"

"கார் இருக்கா?" என்று கேட்டேன்.

"பிக்கப் இருக்கு."

மன்றத்துக்காரர்கள் பிக்கப்பைச் சேர்க்க முடியாது என்றார்கள். பாய் விதிப் புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். "நாலு சக்கரம்னு தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா வண்டியில் நான் எண்ணிப் பார்த்தேன். நாலு இருக்கு" என்றார். "தாங்கள்" என்றதும் அவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சேர்த்துக்கொண்டார்கள். வழி சொல்பவள் நான் என்று எழுதினார்கள்.

ராலிக்கு முந்தின நாள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வண்டி மீட்டரும் பாதை அளந்தவரின் மீட்டரும் ஒன்றுபோலக் காட்டாது. அதற்காகச் சரியாக ஐந்து கிலோமீட்டர் அளந்து இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாண்டியம்மாளின் வண்டி ஐந்து கிலோமீட்டருக்கு நாலு புள்ளி எட்டு காட்டியது.

"ஒங்க மீட்டர் கம்மியாக் காட்டுது" என்றேன்.

"எங்க மீட்டர் சரியாத்தான் காட்டுது. ரோட்டைக் கூட இழுத்து அளந்திருக்காக" என்றார் அவர்.

நான் வீட்டுக்குப் போய், மீட்டர் எவ்வளவு காட்டினால் உண்மையான தூரம் எவ்வளவு என்று ஒரு முழுத் தாளில் அழகாகப் பட்டியல் போட்டேன். சிவப்பு மையால் கோடுகூட அடித்தேன். அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டியம்மாள் பூவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு அப்படியே மைதானத்துக்கு வந்தார். சுற்றிலும் பளபளவென்று கார்கள். நடுவில் எங்கள் பிக்கப். உள்ளே சம்பங்கி வாசனை, கண்ணாடியில் ஒட்டிய செவந்தி இதழ். டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பிக்கப்பில் அது கிடையாது என்று எனக்குத் தெரியும். என் வலது காலுக்குத் தெரியாது. கொடி அசைந்ததும் பாண்டியம்மாள் வண்டியை எடுத்த வேகத்தில் நான் தரைத்தகட்டை ஓங்கி மிதித்தேன்.

"என்ன டீச்சர், கரப்பான்பூச்சியா?"

"மெதுவா, மெதுவா! முப்பதுதான் போகணும்!"

"ரோடு காலியாக் கெடக்கே டீச்சர்."

நான் சொல்வது அவர் காதில் விழுந்தது, காலுக்குப் போய்ச் சேரவில்லை. வடமதுரை தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் குடைக்குள் ஒளிந்திருந்த கல்லூரிப் பேராசிரியர் எங்களைப் பார்த்ததும் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். இத்தனை சீக்கிரம் யாரும் வருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நாலு நிமிடம் முந்தி வந்திருந்தோம்.

பாண்டியம்மாள் கையை வெளியே நீட்டி, "சார், நாங்கதான மொதல்ல?" என்றார்.

"நாலு நிமிஷம் முன்னாடி வந்துட்டீங்கம்மா. நானூத்தி எண்பது புள்ளி அபராதம்" என்று எழுதிக்கொண்டார் அவர். எங்கள் நேரம் வரும் வரை அங்கேயே நிறுத்திவைத்து, எங்களுக்கு முன்னால் புறப்பட்ட கார்களெல்லாம் போன பிறகுதான் விட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் பாண்டியம்மாள் ஆதங்கத்தோடு சொன்னார். "இருவது வருசமா நேரத்தோட வரலைன்னுதான் ஏசுவாங்கெ டீச்சர். மல்லி மலந்துருச்சுன்னா வெல போச்சு. சீக்கிரம் வந்ததுக்கு அபராதம்னு இன்னைக்குத்தான் கேக்கேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. முப்பது கிலோமீட்டர் வேகம் என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை என்பதும் புரிந்தது. அந்த வண்டியின் வேக முள் வேறு நாற்பதுக்கும் இருபதுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது. "நீங்க மெதுவா ஓட்டுறதே கெடையாதா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? கல்யாண மாலை ஏத்துனா மெதுவாத்தான் ஓட்டுவேன். ஒரு இதழ் உதிராது."

"எங்க, இப்ப மாலை இருக்குன்னு நெனச்சு ஓட்டுங்க."

ஓட்டினார். நான் கைக்கடிகாரத்தையும் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லையும் பார்த்தேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் சரியாக இரண்டு நிமிடம் ஒரு வினாடி. முப்பது கிலோமீட்டர் வேகம் என்றால் கல்லுக்கு இரண்டு நிமிடம். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"இதைவிடக் கொஞ்சம் வேகமா, நாப்பதுல போறதுன்னா என்ன பூ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கோழிக்கொண்டை. அது குலுங்குனாலும் ஒண்ணும் ஆகாது."

அதன்பிறகு நான் எண்களையே சொல்லவில்லை. குறிப்பேட்டில் முப்பது என்றால் "மாலை" என்றேன். நாற்பது என்றால் "கோழிக்கொண்டை" என்றேன். "மல்லி" என்ற சொல்லை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. எரியோடு வரை இரண்டு இடத்தில் கடிகாரக்காரர்களைக் கடந்தோம். இரண்டிலும் ஐந்து வினாடிக்கு உள்ளேதான் வித்தியாசம். நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி அருகே, "வலப் பக்கம்" என்று நான் சொல்ல, "எடப் பக்கம் போனா ரெண்டு மைலு கொறையும் டீச்சர், எங்க ஊரு ரோடு எனக்குத் தெரியாதா?" என்று ஒரு சண்டை வந்தது. குறைந்தால் குற்றம் என்பதை மறுபடி விளக்கி வலப் பக்கம் திருப்பினேன்.

பிறகுதான் நேர்ப்பாதை வந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த காடு. பத்து கிலோமீட்டருக்குத் திருப்பமே இல்லை. அந்த ரோட்டில் கல்லும் பாதி இடத்தில் புதருக்குள் புதைந்து கிடந்தது. அதுவரை குறிப்பேட்டில் இருந்த அடையாளங்களைப் பார்த்தே வந்த நான், முதன்முறையாக என் சிவப்புக்கோட்டுப் பட்டியலை மடியில் விரித்தேன். மீட்டரைப் பார்ப்பேன், தாளைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. பிந்துறோம்" என்பேன். அவரும் நம்பி அழுத்தினார்.

நேர்ப்பாதையின் பத்தாவது கிலோமீட்டரில் ஒரு சத்துணவுக் கூடம் என்று குறிப்பேட்டில் இருந்தது. சத்துணவுக் கூடம் வந்தது. என் பட்டியல் ஒன்பது புள்ளி இரண்டு என்றது.

பாதை அளந்தவர் தப்பாக அளந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அளந்தவர் காதர் பாய் என்பது அடுத்து நினைவுக்கு வந்தது. ஒரே பாதையை மூன்று முறை அளப்பவர் அவர். எங்கள் ஸ்கூல் கார்களின் மீட்டர்கள் எல்லாமே தூரத்தைக் கூட்டிக் காட்டும். அத்தனை வருடமும் நான் கழித்துக் கழித்தே கணக்குப் போட்டவள். இந்த வண்டியின் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. கூட்ட வேண்டிய இடத்தில் பழக்க தோஷத்தில் கழித்திருக்கிறேன். பிந்துகிறோம் பிந்துகிறோம் என்று சொல்லி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் முந்த வைத்திருக்கிறேன்.

இதைப் பாண்டியம்மாளிடம் நான் உடனே சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டீச்சர் என்று கூப்பிடுகிறவரிடம் கூட்டல் கழித்தலில் தப்பு என்று எப்படிச் சொல்வது? மெதுவாகப் போகச் சொல்லிச் சமாளிக்கலாமா, ரோட்டின் மேல் பழி போடலாமா என்று ஒரு கிலோமீட்டர் தூரம் யோசித்தேன். அப்போது பாண்டியம்மாள் துள்ளினார்.

"டீச்சர்! முன்னாடி போன வெள்ளைக் காரைப் பிடிச்சுட்டோம்!"

எங்களுக்கு இரண்டு நிமிடம் முன்னால் புறப்பட்ட பல் டாக்டர் அம்மாவின் கார். அது கண்ணுக்கே தெரியக்கூடாது. பாண்டியம்மாள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் என்னால் மறைக்க முடியவில்லை.

"பாண்டியம்மா, நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். நீங்க சரியாத்தான் ஓட்டுனீங்க. ஒன்றரை நிமிசம் முந்தியிருக்கோம். எல்லாம் என்னாலதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "நாலு நிமிசம் நான் முந்துனேன், ஒன்றரை நிமிசம் நீங்க. அப்ப நீங்கதான் என்னையவிட நல்ல டிரைவரு" என்று சொல்லிச் சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "சரி, இப்ப என்ன செய்ய? சர்ட்டிபிகேட்டு வருமா, வராதா?"

"அடுத்த ஆளு எங்க ஒளிஞ்சிருக்காருன்னு தெரியாது. சும்மா நிக்கக் கூடாது. எப்படியாவது நேரத்தைத் தள்ளணும்."

அந்த வெள்ளைக் கார் ஏன் நிற்கிறது என்று அப்போதுதான் பார்த்தோம். ரோடு முழுக்க ஆடு. நூற்றுக்கணக்கில், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு அவசரமே இல்லாமல் கடந்துகொண்டிருந்தது. டாக்டர் அம்மாவுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. விடாமல் ஹாரன் அடித்தார். ஆட்டுக்காரர் பதறிக் கம்பை வீசினார்.

பாண்டியம்மாள் தலையை வெளியே நீட்டினார். "ஏண்ணே, அடிக்காதீக வாயில்லாச் சீவனை! மெதுவாப் போகட்டும்!"

ஆட்டுக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒருத்தி விரட்டச் சொல்கிறாள், ஒருத்தி விரட்ட வேண்டாம் என்கிறாள். அவர் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றுவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி ஆடும் போய்விட்டது. இன்னும் பத்து வினாடி மிச்சம்.

"அம்புட்டுதானாண்ணே ஆடு?"

"அம்புட்டுதான் தாயி."

"நல்லாப் பாருங்கண்ணே, எங்கயாவது குட்டி கிட்டி நின்னுருக்கும்!"

மனுஷன் உண்மையிலேயே குனிந்து புதருக்குள் தேடினார். குட்டி இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டிய பத்து வினாடி கிடைத்தது. "மாலை" என்றேன். வண்டி உருண்டது. செங்கல் சூளைக்குப் பின்னால் அடுத்த கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு வினாடிதான் முந்தியிருந்தோம் என்று பிற்பாடு தெரிந்தது.

வேடசந்தூர் வழியாகத் திண்டுக்கல் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது இருபத்திரண்டு வண்டிகளில் நாங்கள் ஒன்பதாவது. தென்னந்தோப்பில் போன நானூற்று எண்பது புள்ளி இல்லையென்றால் கோப்பையே வந்திருக்கும். காதர் பாய் நேரப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தோப்புக்கு அப்பறம் பூராம் ஒரே சீரா வந்திருக்கு. நேர்ப்பாதையில டாக்டரம்மாவே ஆட்டுல மாட்டிப் பிந்தியிருக்காங்க, பிக்கப் மட்டும் எப்படிப் பிந்தலை?" என்றார்.

பாண்டியம்மாள் வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன். "கூட்டுறதுக்குக் கழிச்சுட்டேன் பாய். அப்பறம் அந்த ஆடுதான் காப்பாத்துச்சு."

பாய் என்னையே பார்த்தார். நான் "தாங்கள்" வரும் என்று காத்திருந்தேன்.

"வாம்மா மேரி. டீ சாப்பிடு" என்றார்.

பரிசளிப்புக்குப் பாண்டியம்மாள் இருக்கவில்லை. புருஷனுக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று கிளம்பிவிட்டார். முழுதும் ஓட்டி முடித்தவர்களுக்கான சான்றிதழை நான்தான் மேடையில் வாங்கினேன். மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனேன். அவர் கை ஈரமாக இருந்தது. "நீங்களே காட்டுங்க டீச்சர், நனைஞ்சுரும்" என்று என்னைத் தவசியிடம் அழைத்துப் போனார். வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் வாசித்தேன்.

தவசி மீசையைத் தடவினார். "ஒம்பதாவதுதான?"

"ஆமாண்ணே. நீங்க எத்தனாவது வந்தீக?" என்றார் பாண்டியம்மாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் ஒருவர் டீயை மேலே ஊற்றிக்கொண்டார். தவசி தன் வண்டியில் ஏறினார். ஸ்டார்ட் செய்து, பின்னால் எடுத்து, சுவரோரமாக ஒட்டி நிறுத்தினார். ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் விழுந்தது. பாண்டியம்மாள் பிக்கப்பைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒரே தடவையில் அந்த இடத்தில் கொண்டுபோய்ச் சொருகினார்.

கூட்டம் கலைந்த பிறகு தவசி என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் டீச்சர், ஆம்பளைகளுக்கும் இந்த மாதிரி ஒண்ணு வைக்கிறாங்களா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லும் முன் பிக்கப்பின் ஜன்னல் வழியாகப் பாண்டியம்மாளின் குரல் வந்தது.

"வைக்கிறாங்கண்ணே. ஆனா அதுல யாரையும் முந்தக் கூடாது. ஒங்களுக்குச் செரிப்படாது."